கடல் திருப்பித் தந்த வாடைக்காலம்

கடல் தன் வயிற்றில் விழுந்ததையெல்லாம் திருப்பித் தர ஆரம்பித்த அந்த வாடைக்காலத்தில், குருசடித்துறையில் முதன்முதலாகக் கரையேறி வந்தது ஊர்த்தலைவர் வெனான்சியின் பல்செட்டுதான். வள்ளத்து ஓரத்தில் நின்று மருமகனை வாய் நிறையத் திட்டும்போது நழுவி ஆழத்தில் விழுந்த செட்டு அது. விழுந்து எத்தனையோ பெருநாள் போய், அவரும் பொக்கை வாயோடு ஊர்க்கூட்டம் நடத்திப் பழகி, ஊரும் அவர் பேச்சை ஊகித்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்ட பிறகு, ஒரு காலையில் ஒற்றை அலை மட்டும் மற்ற அலைகளைவிட்டுப் பிரிந்து, வரிசையாகக் கிடந்த வள்ளங்களுக்கு நடுவே நெளிந்து, கருவாடு காயப்போட்ட இடத்தைப் பதனமாகச் சுற்றிக்கொண்டு, வீடு தெரிந்த நாய் வருவதைப் போல வந்து, அவர் வாசற்படியில் பல்செட்டை வைத்தது. வெனான்சி அதை எடுத்தார், இடுப்புச் சாரத்து முனையில் துடைத்தார், வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார்.

"உப்புதான் கொஞ்சம் கூடுதல்," என்றார்.

அவர் கையில் எடுத்த பிறகுதான் அலை திரும்பிப் போனது. அன்றைக்கு அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, ஏனென்றால் அன்றைக்கு நல்ல மீன்பாடு, மீன் ஏலம் விடவே நேரம் சரியாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. நங்கூரம் வந்தது, டார்ச் லைட்டு வந்தது, ஒற்றைச் செருப்புகள் வந்து மறு செருப்பைத் தூக்கிப்போட்டுவிட்டவர்களை வயிற்றெரிச்சல் பட வைத்தன. மூக்குடைந்த அந்தோணியார் சுரூபத்தைக் கோயிலில் வைக்கக் கூடாது என்று பங்குச் சாமியார் தம் கையாலேயே வள்ளத்தில் கொண்டுபோய் இறக்கியிருந்தார். அந்த அந்தோணியார் பாசி படிந்த தாடையோடு ஒரு மத்தியானம் சாமியார் தங்கும் அறைவீட்டு வாசலில் வந்து நிற்க, அவர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, "சரி, உள்ள வாரும்," என்று தூக்கிக்கொண்டு போனார். குடித்துவிட்டுக் கடலில் எறிந்த பாட்டில்கள் எறிந்தவர்கள் வாசலுக்கே சலசலவென்று வந்தன. தினமும் விடியுமுன் குப்பையைப் பையில் கட்டிக் கடலில் வீசுகிற கித்தேரியின் வாசலில் அத்தனை பைகளும் முடிச்சு அவிழாமல் வந்து குவிய, தெருவே கூடி நின்று பார்த்தது.

"என்னட்டி கித்தேரி, சீதனம் வந்துருக்கா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

"ஆமா, உனக்கும் ரெண்டு தாறேன், கொண்டு போய்ப் பொங்கித் தின்னு," என்றாள் கித்தேரி. அவள் வாய்க்கு ஊரில் எதிர்வாய் கிடையாது.

அடுத்தவர் வாசலுக்கு வந்ததை இன்னொருத்தர் எடுத்துப் போவதும் அதனால் முடியைப் பிடித்துச் சண்டை போடுவதும் அதிகமாகிப் போனதால், வெனான்சி கோயில் மணியடித்துக் கூட்டம் போட்டார். முழுப் பல்லோடு அவர் பேசியதில் எல்லோருக்கும் எல்லாமும் முதல் தடவையிலேயே புரிந்தது. "எவன் வாசலுக்கு வந்துச்சோ அவன்தான் குனிஞ்சு கையால எடுக்கணும். அடுத்தவன் தொடப்படாது. நல்லதோ கெட்டதோ, வாசல்காரன் எடுக்கணும். இது ஊர்ச் சட்டம்." கடலும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது போலத்தான் நடந்துகொண்டது. கித்தேரியின் வீட்டுக்காரர் மிக்கேல் பாட்டில்களை எடுக்க வெட்கப்பட்டு உள்ளே படுத்துக்கொண்டபோது, அலை வாசலிலேயே முழங்கால் உயரத்துக்கு நின்றது. கூப்பிட வந்தவர்களாலும் தாண்ட முடியவில்லை, பால்காரராலும் தாண்ட முடியவில்லை. கடைசியில் அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ஊர் பார்க்கக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதற்குப் பிறகு பெண் கொடுக்க வந்தவர்கள்கூட முதலில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் என்ன கிடக்கிறது என்றுதான் பார்த்தார்கள். கொஞ்ச நாளிலேயே கடலில் ஒரு பீடித்துண்டைப் போட ஊரில் ஆளில்லை.

இத்தனையும் நடந்த தெருவில் எதற்கும் சிரிக்காமல், தன் வாசலை மட்டும் காலையும் மாலையும் கூட்டித் தண்ணீர் தெளித்து, படியோரம் ஒரு குடம் நல்ல தண்ணீரும் வைத்துக் காத்துக்கொண்டிருந்தவள் பிளாவியா.

அவள் வீட்டுக்காரன் டெலஸ்போர் வடக்கே இருந்த எண்ணெய்க் கம்பெனியின் ஜெட்டியில் வேலை பார்த்தான். கப்பலில் இருந்து எண்ணெய் இறக்குகிற பெரிய ரப்பர் குழாயைப் பூட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. ஒருநாள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, சாளைமீன் புளிமுளக் குழம்பும் சோறும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு மத்தியானம் குழாய் வெடித்த சத்தத்தைக் கடலில் நின்ற அத்தனை வள்ளக்காரர்களும் கேட்டார்கள், கறுப்பாக எண்ணெய் பீறியடித்ததைக் கண்ணால் பார்த்தார்கள். சாயங்காலம் டெலஸ்போர் திரும்பவில்லை.

கம்பெனி சொன்னதைக் கேளுங்கள். குழாய் எதுவும் வெடிக்கவில்லையாம். ஏதோ ஊர்பேர் தெரியாத கப்பல் வெளிக்கடலில் போகிற போக்கில் தன் தொட்டியைக் கழுவிவிட்டுப் போனதாம், அந்த எண்ணெய்தானாம் மிதக்கிறது. டெலஸ்போரைப் பற்றிக் கேட்டபோது மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்துகொண்டே வாட்ச்மேன் மூலமாகச் சொல்லியனுப்பினார்: "அன்னைக்கு அப்படி ஒரு பேர்ல ஆளே வேலைக்கு வரல." அவள் கையால் சோறு கட்டிக்கொடுத்து அனுப்பிய ஆள்! போலீஸ் ஸ்டேஷனில், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுவும் சண்டையாம்மா? கேரளாப் பக்கம் போயிருப்பான், வந்துருவான்," என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்கள். அப்படிப்பட்ட வாய்களுக்கும் கடவுள் பல்லைக் கொடுத்திருக்கிறான் பாருங்கள்.

அந்த வாரத்திலிருந்துதான் கடல் திருப்பித் தர ஆரம்பித்தது. ஊரார் புரிந்துகொண்டது இதுதான்: கடல் அவரவர் பொருளை அவரவருக்குக் கொடுக்கிறது, உரியவருக்கு உரியது போய்ச் சேருகிறது. பிளாவியாவும் அப்படித்தான் நம்பினாள். உயிரோடோ உயிரில்லாமலோ, டெலஸ்போருக்கு உரியவள் அவள்தானே? மற்றவர்களுக்குப் பல்செட்டும் செருப்பும் வரும்போது அவளுக்கு அவன் வரமாட்டானா? வந்தால் காலைக் கழுவத்தான் அந்தக் குடம்.

அவன் வரவில்லை.

வராமல் போனதை ஊர் சும்மா விடுமா? முதலில் "ஐயோ பாவம்" என்றார்கள். அப்புறம் தெருக்குழாயடியில் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. "எல்லாருக்கும் எல்லாம் வருது, இவளுக்கு மட்டும் வரலைன்னா என்ன அர்த்தம்? கடலுக்குத் தெரியும்ட்டி, எவன் எவளுக்கு உரியவன்னு," என்றாள் கித்தேரி. பிளாவியா குடத்தோடு பின்னால் நின்றதை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நிறுத்தியிருப்பாள் என்று சொல்ல முடியாது. கடல் தந்ததையெல்லாம் நம்பிய ஊர் தராமல் வைத்திருந்ததையும் சாட்சியாக எடுத்துக்கொண்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் ஓடிப்போனவனின் பெண்டாட்டி ஆகிப்போனாள். பிளாவியா குடத்தை இறக்கி வைக்காமல் வீட்டுக்கு வந்து, வாசலை மறுபடியும் கூட்டினாள். துடைப்பத்து ஈர்க்குகள் ஒடிந்து தெறித்தன.

இதற்கு நடுவில் ஜீப்பில் தமயந்தி வந்தாள். எண்ணெயோ கட்டையோ படகோ, கடலில் மிதக்கிற எதுவானாலும் அது எந்தப் பக்கம் போகும், எந்தக் கரைக்கு என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்கிற கடல் ஆபீஸ் அவளுடையது. வெனான்சியின் வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் கம்ப்யூட்டரை வைத்து, ஊராருக்குப் பொறுமையாகச் சொன்னாள்: காற்று மேலே தள்ளும், நீரோட்டமான நீவாடு கீழே இழுக்கும், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் எண்ணெய் புதன்கிழமை குருசடித்துறையில் அடையும். அவள் சொன்னதை மதித்து ஊர் வள்ளங்களையெல்லாம் மேட்டில் ஏற்றி, வைக்கோலும் சாக்கும் கொண்டுவந்து குவித்துத் தயாராக நின்றது.

எண்ணெய் புதன்கிழமை வந்தது. கரைக்கு எதிரே, கண்ணுக்கெட்டும் தூரத்தில், சேற்றெருமை மாதிரிக் கறுகறுவென்று வந்து, வாடை பின்னாலிருந்து தள்ளத் தள்ள அப்படியே நின்றுகொண்டது. மறுநாளும் நின்றது. யாருக்காகவோ காத்திருக்கிறதைப் போலத் தோன்றியது.

தமயந்தி கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "காத்தும் சரியா இருக்கு, நீவாடும் சரியா இருக்கு. ஏன் அசையல?"

"உன் கணக்குல குத்தமில்ல தாயி," என்றார் வெனான்சி. "கடலு இப்ப காத்துக்குப் போகல. நீ சாப்பிட்டியா?"

கூட்டம் கலைந்த பிறகு பிளாவியா அவளிடம் போனாள். "மேடம், இதுல எண்ணெய் மட்டுந்தான் தெரியுமா, மனுசரும் தெரியுமா?"

தமயந்தி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினாள். "தெரியும்க்கா. ஒரு ஆள் விழுந்தா எங்க போவார்ங்கிறதும் போட்டுப் பார்க்கலாம். ஆனா எங்க விழுந்தார்னு ஒரு புள்ளி வைக்கணும். அங்கிருந்துதான் கணக்கு ஓடும்."

"ஜெட்டியில வையுங்க."

"கம்பெனி அவர் அன்னைக்கு வரவே இல்லன்னு எழுத்துல கொடுத்திருக்கு. வராதவருக்குப் புள்ளி வைக்க எனக்கு அனுமதி கிடையாதுக்கா."

"எண்ணெய்க்கு வச்சியளே, அது எங்க?"

தமயந்தி தலை குனிந்தாள். "இந்தக் கணக்கைப் பின்னாலயும் ஓட்டலாம். எண்ணெய் முதல்ல கண்ணுல பட்ட இடத்துல இருந்து பின்னால ஓட்டினா நேரா ஜெட்டிக்குத்தான் போச்சு. அப்படியேதான் அனுப்பினேன். மேல இருக்கிறவங்க புள்ளியைத் தூக்கி வெளிக்கடல்ல வச்சு வெளியிட்டுட்டாங்க."

பிளாவியா கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு புள்ளியை விரலால் தள்ளினால் ஒரு கம்பெனியே சுத்தமாகிவிடுகிறது. அதே விரல் ஒரு புள்ளியை வைக்க மறுத்தால் ஒரு மனுசன் பிறக்காதவனாகவே ஆகிவிடுகிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. காதுமடல் சுட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில்தான் வலை வந்தது.

அது ராயப்பனின் வலை. எந்தக் காலத்திலோ, மீன்பாட்டுத் தகராறு ஒன்றுக்குப் பிறகு, புது வலையை யாரோ கண்டதுண்டமாக வெட்டிக் கல்லைக் கட்டிக் கடலில் தாழ்த்திவிட்டார்கள். யார் என்று தெரியாமல் ராயப்பன் கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றியது எல்லோருக்கும் நினைவிருந்தது. இன்றைக்கு அந்த வலை, வெட்டுப்பட்ட வாயோடும் கட்டிய கல்லோடும், பெரிய அலை ஒன்றின் தோளில் ஏறித் தெருவுக்குள் வந்தது. "வா ராசா வா," என்று ராயப்பன் தன் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றான். அலை அவன் வீட்டைத் தாண்டிப் போனது. அந்தோணியார் வந்து நின்ற அறைவீட்டைத் தாண்டி, பிளாவியாவின் வீட்டைத் தாண்டி, மிக்கேல் வாசலில் போய் வலையை இறக்கிவிட்டு நின்றது.

"அலைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு போல," என்று கித்தேரி சத்தம் போட்டாள். "ஏ ராயப்பன், உன் வலை வழிதவறி இங்க வந்துருக்கு, வந்து எடு."

ராயப்பன் வந்தான், குனிந்தான். தொடுவதற்கு முன்னால் நிமிர்ந்து மிக்கேலைப் பார்த்தான். மிக்கேல் யாரையும் பார்க்கவில்லை. அலை முழங்காலுக்கு ஏறி நின்றது. கித்தேரி தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவள் வாய் முதல்தடவையாகத் திறந்தபடி சத்தமில்லாமல் நின்றது. மிக்கேல் கைலியை மடித்துக் கட்டினார், குனிந்தார், வலையை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு போய் ராயப்பன் காலடியில் வைத்தார். அலை திரும்பிப் போனது.

துடைப்பமும் கையுமாக நின்ற பிளாவியா அப்போதுதான் பேசினாள்.

"மாமா," என்று வெனான்சியைக் கூப்பிட்டாள். "உரியவனுக்கு உரியது வருதுன்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுதாவ."

"ராயப்பனுக்குத்தான வலை உரியது? அவரு வாசலுக்கா வந்துச்சு? உங்க பல்லு உங்க வாயில இருந்து விழுந்துச்சு. சுரூபத்தச் சாமியார் கையால போட்டாவ. குப்பைய கித்தேரி மயினி போட்டாவ. அது அவிய அவிய பொருளா இருந்ததால நமக்கு வித்தியாசம் தெரியல." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "கடலு சொந்தக்காரனத் தேடல மாமா. போட்டவனத் தேடிக் குடுக்குது. எங்க வீட்டுக்காரரு என் வாசலுக்கு ஏன் வரலன்னு இப்ப தெரியுதா? நான் அவியளக் கடல்ல போடல!"

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வடக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

முதலில் அவள் பின்னால் போனது கித்தேரி. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் சேர்ந்து, "நான் பேசினதுக்கு என்னைப் பொறவு செருப்பால அடி, இப்ப நட," என்றாள். அப்புறம் வெனான்சி, ராயப்பன், மிக்கேல், சாமியார், பிள்ளைத்தாய்ச்சிகள், மீன்கூடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர்கள் என்று ஊரே கிளம்பியது. வாடை அவர்கள் முகத்தில் மணலை அள்ளி வீசியது. தமயந்தி கம்ப்யூட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவரும்போதே கடலைக் கைகாட்டினாள். எதிரே நின்றிருந்த எண்ணெய் திரும்பிக்கொண்டிருந்தது. வாடைக்கு எதிராக, நீவாட்டுக்கு எதிராக, ஒரு சொட்டும் சிதறாமல், கரையில் நடக்கிறவர்களுக்குச் சமமாக அது கடலில் நடந்தது. தமயந்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "சார், புள்ளி தானா அதோட இடத்துக்குப் போயிட்டிருக்கு. நான் இனி மாத்த மாட்டேன்," என்றாள்.

கம்பெனிக்குச் சுவர் உண்டு, கேட் உண்டு, கேட்டுக்கு வாட்ச்மேன் உண்டு. கடலுக்கு அதெல்லாம் தெரியுமா? கறுத்த அலை ஜெட்டியின் மேல் ஏறி, கேட்டுக்கு அடியில் நுழைந்து, குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்த சிமெண்டுப் பாதையில் ஒரு இலையிலும் கறை படாமல் போய், மேனேஜரின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டான்.

அலையின் மடியில் டெலஸ்போர் கிடந்தான். அன்றைக்குக் காலையில் சோறு வாங்கிக்கொண்டு போனபடியே இருந்தான். கடல் அவனை ஒரு மீனையும் தொடவிடவில்லை. நீலச் சட்டை, நெஞ்சில் கம்பெனி முத்திரை. இடுப்பைச் சுற்றி இரும்புச் சங்கிலி, சங்கிலியின் முனையில் குழாய் பூட்டுகிற கனத்த இரும்பு வளையம், அதிலும் அதே முத்திரை. குழாய் வெடித்துச் செத்தவனை, செத்தான் என்று சொல்ல மனமில்லாமல், கல்லைக் கட்டி வலையைத் தாழ்த்துவது போலத் தாழ்த்தியிருக்கிறார்கள். கித்தேரி பார்த்துவிட்டு நெஞ்சில் அறைந்துகொண்டாள். பிளாவியா அசையவில்லை.

மேனேஜர் வெள்ளைச் சட்டையோடு கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். "இது எங்கிருந்தோ ஒதுங்கி வந்திருக்கு. காத்துல எது வேணும்னாலும் எங்கயும் ஒதுங்கும். உங்க ஆளுன்னா எடுத்துட்டுப் போங்கம்மா, நாங்க தடுக்கல."

"நாங்க தொட மாட்டோம் சார்," என்றாள் பிளாவியா.

"என்னது?"

"யாரு வாசலுக்கு வந்துச்சோ அவியதான் எடுக்கணும். ஊர்ச் சட்டம்."

அவர் கையைத் தட்டினார். உள்ளிருந்து நாலைந்து வேலையாட்கள் வந்து டெலஸ்போரின் கையையும் காலையும் பிடித்தார்கள். சங்கிலி தரையோடு வார்த்தது போல நகரவே இல்லை. அலை முழங்காலுக்கு ஏறியது. கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனது, மேஜை நாற்காலியெல்லாம் மிதந்தன.

"எங்க வீட்டுக்காரரு வெட்டின வலைய ஊர் பாக்க அவருதான் தூக்குனாரு," என்றாள் கித்தேரி. "குப்பைய நான் தூக்குனேன். சாமியார் சுரூபத்தத் தூக்குனாவ. உங்களுக்கு மட்டும் இடுப்பு வளையாதோ?"

அலை அவர் நெஞ்சுக்கு வந்தது. அங்கே நின்றவர்களில் ஒருத்தர் மேலும் எண்ணெய் படவில்லை. அவர் ஒருத்தர் மேல்தான் ஒட்டியது. கழுத்துக்கு வந்தபோது மேனேஜர் குனிந்தார். அவர் கை பட்டதும் தரைவிட்டு எழுந்தது சங்கிலி.

ஜெட்டியிலிருந்து குருசடித்துறை வரைக்கும் மணலில் அவர் டெலஸ்போரைத் தோளில் சுமந்து வந்தார், சங்கிலியையும் வளையத்தையும் சேர்த்து. யாரும் கைகொடுக்கவில்லை. ஏசவும் இல்லை. அவர் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் பின்னால் வந்த அலையும் நின்றது, நடந்தபோது நடந்தது. ஊர் இரண்டு பக்கமும் நடந்து வந்தது. கோயில் மணியைச் சாமியார் முன்னால் ஓடிப்போய் அடித்தார்.

பிளாவியா தன் வாசலில் நின்றாள். கூட்டிய வாசல், தெளித்த தண்ணீர், படியோரம் குடம்.

"இங்க வையுங்க," என்றாள்.

வைத்தார். அவள் உட்கார்ந்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி, டெலஸ்போரின் கால்களை விரல் விரலாகக் கழுவினாள். மேனேஜர் கறுத்த கைகளைச் சட்டையில் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. திரும்பி நடக்கப் பார்த்தார். அலை தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

"எடுத்துட்டேனேம்மா, இன்னும் என்ன?" என்றார்.

பிளாவியா நிமிராமலே சொன்னாள். "அப்படி ஒரு பேர்ல ஆளே வரலன்னு சொல்லியனுப்பினீயளே. அந்தப் பேரைச் சொல்லுங்க, ஊர் கேக்கட்டும்."

அவர் ஊரைப் பார்த்தார், அலையைப் பார்த்தார். தமயந்தி வள்ளத்தின் மேல் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தபோது முதலில் கொஞ்சம் கடல்தண்ணீர்தான் வந்தது. அப்புறம் வந்தது.

"டெலஸ்போர்."

"கேக்கல," என்றார் வெனான்சி, எல்லாப் பல்லும் தெரிய.

"டெலஸ்போர்! டெலஸ்போர்!"

அலை விலகியது. தமயந்தி ஜெட்டியின் மேல் புள்ளியை வைத்தாள்.